பரீட்சைக்காக அளந்த வயல்

பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கில் வந்த மார்க்கைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "மூணாம் குரூப்ல சேந்துக்கம்மா. வரலாறு, பொருளியல், புவியியல்" என்றார்.

ப்ளஸ் டூ வந்த புதிது அது. பூதலூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை அப்போதுதான் மேல்நிலைப் பள்ளியாக உயர்த்தியிருந்தார்கள். விழாவுக்கு மந்திரி வந்தார், இரண்டு நிறக் கொடிகள் ரோடு முழுக்கப் பறந்தன, பேச்சு மாலை வரை நடந்தது. எல்லாம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகுதான், புவியியலுக்கு வாத்தியாரே கிடையாது என்பது தெரிந்தது.

நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா வாய்க்காலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"புவியியல்னா?"

"பூகோளம்ப்பா."

"அதான் உருண்டைன்னு தெரிஞ்சு போச்சே. இன்னும் ரெண்டு வருஷம் படிக்க அதுல என்னா இருக்கு?"

எனக்கும் தெரியவில்லை. "பரீட்சை இருக்குப்பா" என்றேன். அது போதுமான பதிலாக அவருக்குப் பட்டது.

என்னோடு சேர்ந்தவள் என் சிநேகிதி. கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம் அவர்களுடையது. அப்பாவை அவள் அத்தா என்பாள். அத்தா கடையைத் தன் தம்பி கையில் விட்டுவிட்டு துபாய்க்குப் போயிருந்தார். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும், மார்க்கும் இருந்தது. ஆனால் சயின்ஸ் குரூப்பில் தவளையை அறுக்கச் சொல்வார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "தவளை கத்துனாலே எனக்குப் பாவமா இருக்கும். அத எப்படி அறுக்குறது?" என்று நேராக மூன்றாம் குரூப்புக்கு வந்துவிட்டாள். வகுப்பில் நாங்கள் இரண்டு பெண்கள், பையன்கள் ஒரு ஏழெட்டுப் பேர். ஒரு பெஞ்சு வரிசைக்கு மேல் தேவைப்படவில்லை.

வரலாறு வாத்தியாரைத்தான் புவியியலும் எடுக்கச் சொன்னார்கள். நாற்பது வயதுக்காரர். சோழர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார். முதல் நாள் புவியியல் புத்தகத்தை மேசை மேல் வைத்துவிட்டு நின்றார்.

"உங்ககிட்ட மறைக்க ஒண்ணுமில்ல. நான் பூகோளம் படிச்சது ஒம்பதாவதோட சரி. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சேந்து படிப்போம். பரீட்சை உங்களுக்கு மட்டும்தான், அது ஒண்ணுதான் வித்தியாசம்."

எங்களுக்கு அவர் மேல் அன்றைக்கே ஒரு பிரியம் வந்துவிட்டது. அதற்கப்புறம் வகுப்பு நடந்த விதமே வேறு. அவர் ஒரு பாராவை வாசிப்பார், புரியவில்லை என்றால் நிறுத்துவார். நாங்கள் ஆளுக்கு ஒரு அர்த்தம் சொல்வோம். எது சரி என்று வாக்கெடுப்பு நடக்கும். அடுத்த வாரம் அவர் தஞ்சாவூருக்குப் போய் கல்லூரியில் யாரையோ பார்த்துக் கேட்டு வந்து, "போன வாரம் ஜெயிச்சது தப்பு. தோத்த கட்சிதான் சரி" என்பார்.

தீர்க்கரேகைப் பாடம் வந்தபோது என் சிநேகிதி அதை விழுங்கினாள். ஒவ்வொரு பாகைக்கும் எவ்வளவு நேரம் வித்தியாசம் என்று தெரிந்ததும் துபாயைத் தேடிப் பிடித்துக் கணக்குப் போட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு வேலை இல்லை. காலை இடைவேளையில் மணி அடித்தால், "இப்பத்தான் அத்தா வேலைக்குக் கெளம்புவாங்க" என்பாள். சாயங்காலம் நடந்து வரும்போது, "அங்க இன்னும் வெயில் அடிக்குது" என்பாள். அவள் அம்மாவுக்கும் இது தொற்றிக்கொண்டது. நான் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து குரல் வரும்: "அங்க இப்ப மணி என்னாடி?" மகள் சொல்வாள். "அப்பச் சாப்புட்டிருப்பாரு" என்று அந்த அம்மா தட்டை எடுத்து வைப்பார். பிறகு அத்தாவிடமிருந்து வந்த கடிதத்தில், அங்கே கடிகாரம் காட்டுவதும் இவள் போட்ட கணக்கும் கொஞ்சம் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தது. சாரிடம் சண்டைக்குப் போனாள். சூரிய நேரம் வேறு, நாட்டுக் கடிகாரம் வேறு என்ற பாடம் அதற்கு அடுத்த பக்கத்தில் இருந்தது. நாங்கள் இன்னும் புரட்டவில்லை.

எங்களை ரொம்பப் படுத்திய பாடம் சம உயரக் கோடு. மலையை எப்படித் தாளில் வரைவது என்பது விஷயம். சார் கரும்பலகையில் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்தார். எங்களில் ஒருத்தர்கூட மலை பார்த்ததில்லை. எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் ரயில்வே மேடுதான்.

ஓரத்திலிருந்து ஒரு பையன் கேட்டான்: "சார், இது மலையா, கேணியா?"

சார் பலகையை விட்டுத் தள்ளி நின்று பார்த்தார். "எனக்கும் அதே சந்தேகந்தான்" என்றார்.

சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்த தை மாதம் அது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் களத்தில் தூற்றிய நெல்லைக் குவித்திருந்தார்கள். சார் எங்களை அங்கே அழைத்துப் போனார். குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பை நட்டு, அதில் சாணுக்கு ஒரு கோடு போட்டார். வைக்கோலைப் பிரியாகத் திரித்து, முதல் கோட்டு உயரத்தில் குவியலைச் சுற்றி ஒரு பிரி, அதற்கு மேல் இன்னொரு பிரி என்று சுற்றச் சொன்னார். நானும் சிநேகிதியும் தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு சுற்றினோம். களத்தில் நெல் அளந்துகொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"என்னா சார், நெல்லுக்கு அரைஞாண் கட்டுறீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பாடங்க" என்றார் சார்.

"நல்லா கட்டுங்க. இந்த வருஷம் கூலி நெல்லுல எங்களுக்கும் ஒரு கயிறு அளவு கூடுனாச் சரி."

வேலை முடிந்ததும் எங்களை ஒருவர் பின் ஒருவராகக் களத்தோரம் நின்ற பார வண்டி மேல் ஏறிப் பார்க்கச் சொன்னார். மேலேயிருந்து பார்த்தபோது சட்டென்று விளங்கியது. குவியல் செங்குத்தாக இருந்த பக்கத்தில் பிரிகள் நெருக்கமாகவும், சரிவாக இறங்கிய பக்கத்தில் விலகியும் தெரிந்தன. கரும்பலகையில் இருந்த அதே வட்டங்கள். கடைசியாக சாரும் ஏறினார். இறங்கி வந்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எங்களுடையதைவிடக் குறைவில்லை.

இரண்டாம் வருஷம் செய்முறைத் தேர்வுக்கான சாமான்கள் மரப்பெட்டியில் வந்தன. இரும்புச் சங்கிலி ஒன்று, சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்புகள், நிலத்தில் குத்துவதற்கு இரும்பு ஊசிகள், ரசமட்டம், மூன்று கால் வைத்த ஒரு மேசை, அதன் மேல் வைத்துக் குறி பார்க்க ஒரு பித்தளைப் பட்டை. பட்டையின் இரண்டு முனையிலும் நிமிர்ந்து நிற்கிற தகடு, தகட்டில் மெல்லிய பிளவு. அதன் வழியாக ஒரு மரத்தைப் பார்த்து, பட்டையோரமாகக் கோடு இழுத்தால், மரம் இருக்கும் திசை தாளில் வந்துவிடும். இது எங்களுக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. பள்ளி மைதானத்தை அளந்து அளந்து பழகினோம். மற்ற குரூப் பிள்ளைகள் சோதனைச் சாலைக்குள் அமிலத்தோடு அடைந்துகிடக்கும்போது நாங்கள் வேப்பமரத்தடியில் காற்று வாங்கிக்கொண்டு குறி பார்ப்போம். மூன்றாம் குரூப்பில் சேர்ந்ததற்கு முதன்முதலாகப் பெருமைப்பட்டது அப்போதுதான்.

"எக்ஸ்டர்னல் வந்து மைதானத்த மட்டும் பாத்தா மார்க் போட மாட்டாரு" என்றார் சார். "ஒரு வயலையும் அளந்து ரிக்கார்டுல வச்சிருவோம்."

பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் வாய்க்காலைத் தாண்டினால் பண்ணை நிலம். அதற்குப் பெயரே பதினெட்டு மா. ஊரில் மூன்று மா ஒரு ஏக்கர் என்பது கணக்கு. அந்த நிலத்தை நாலு குடும்பம் குத்தகைக்குச் செய்தது. அதில் ஒன்று எங்களுடையது.

அந்த நாளில் நிலம் என்றாலே வம்பு. குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருந்தது. எங்கள் நாலு குடும்பத்தின் பெயரும் எந்தக் காகிதத்திலும் இல்லை. பண்ணைக்காரர் பதிய விடவில்லை. உச்சவரம்புக்கு மேல் இருக்கிற நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்ற பயம் அவருக்கு. உச்சவரம்பை ஊரில் சீலிங் என்பார்கள்; அந்த வார்த்தையைக் கேட்டாலே பண்ணை வீட்டில் கதவைச் சாத்துவார்கள் என்று சொல்வார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அறுப்பு நேரத்தில் கைகலப்பாகி, போலீஸ் வேன் வந்து வரப்போரம் நின்றது. அதற்குப் பிறகு பண்ணைக்காரர் வயல் பக்கமே வந்ததில்லை. அவருடைய நிலபுலனைக் கவனித்த காரியக்காரர்தான் சைக்கிளில் வருவார், போவார். எதிரெதிரே பார்த்துப் பேசுவது நின்றுபோயிருந்தது.

சார் முறையாகக் காரியக்காரரிடம் கேட்டிருந்தார். "புள்ளைங்கள வயலுக்கு அழைச்சிட்டு வர்றேங்க" என்றார். "தாராளமா வாங்க" என்றார் அவர். சங்கிலியைப் பற்றி சாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மாசி மாதம், அறுத்த தாளோடு வயல் காய்ந்து கிடந்தது. நாங்கள் கம்புகளைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் பாலத்தைத் தாண்டினோம். சாருக்கு மெட்ராஸ் ஐ வந்து அப்போதுதான் தேறியிருந்தது, அதனால் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கையில் குடை. ஒரு பையன் மூன்று கால் மேசையை நடுவயலில் நிறுத்தினான். நான் கிழக்கு மூலையில் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பையன்கள் சங்கிலியின் முன்முனையை இழுத்துக்கொண்டு போக, என் சிநேகிதி பின்முனையைப் பிடித்துக்கொண்டு, குத்தி வைத்த ஊசிகளைப் பிடுங்கிக்கொண்டே வந்தாள்.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாட்டை விட்டுவிட்டு ஊர்ப் பக்கம் வேகமாக நடந்தார்.

முதலில் வந்தது காரியக்காரரின் சைக்கிள். வரப்பில் அதைச் சாய்த்துப் போட்டுவிட்டு, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாரிடம் வந்தார்.

"ஐயா எந்த ஆபீசுங்க? தாலுகாவா, கலெக்டர் ஆபீசா?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். "நான்தாங்க."

"வாத்தியாரா?" அவருக்கு மூச்சு வாங்கியது. "என்னா சார் இது, சங்கிலி, கம்பு, மேசை எல்லாம் வச்சிக்கிட்டு? வயலப் பாக்கத்தான வர்றேன்னீங்க?"

"பரீட்சைங்க. புள்ளைங்களுக்கு மார்க்குக்கு."

"மார்க்குக்கு எதுக்கு சார் பண்ண நெலத்த அளக்கணும்? ஆளு அனுப்புனா அடி விழும்னு பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள விட்டு அளக்கச் சொல்லுதா கவர்மெண்டு?"

சார் பதில் சொல்வதற்குள் கிழக்கு வரப்பில் ஆட்கள் தெரிந்தார்கள். குத்தகைக்காரர்கள் நாலு பேரும், அவர்களோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முன்னால் வேகமாக வந்தவர் என் அப்பா. சர்வே பார்ட்டி வந்துவிட்டது, பதிவு நடக்கப்போகிறது என்று செய்தி போயிருக்கிறது. கிழக்கு மூலைக்கு வந்து என்னைப் பார்த்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நீ இங்க என்னா பண்ற?"

"கம்பு புடிச்சிட்டிருக்கேன்ப்பா. அசையக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு."

அப்பா என்னைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார், நடுவயலில் நின்ற மேசையைப் பார்த்தார். "இதான் பூகோளமா?" என்றார்.

அதற்குள் அங்கே குரல் உயர்ந்துவிட்டது. காரியக்காரர், "சங்கிலியச் சுருட்டுங்க" என்றார். எங்கள் பக்கத்து ஆட்கள், "யாரும் சுருட்ட வேணாம், அளங்க சார், என்னா ஆவுதுன்னு பாப்போம்" என்றார்கள். சார் குடையை மடக்கினார், விரித்தார். என் சிநேகிதி ஊசிக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு யார் பக்கமும் போகாமல் நடுவில் நின்றாள். எனக்குப் பயம்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா நெற்றியில் துணி கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த நாள் கண்ணுக்குள் வந்தது.

அப்போது ரோட்டில் கார் வந்து நின்றது. பண்ணைக்காரர் இறங்கினார். எல்லாரும் அடங்கினார்கள். உயரமான மனிதர், காது கொஞ்சம் மந்தம். வரப்பில் நடந்து பழக்கம் விட்டுப்போயிருந்ததால் நிதானமாகக் காலை வைத்து வந்தார். வயலோரத்து வாகை மரத்தடிக்கு வந்து நின்றதும் காரியக்காரர் ஓடிப்போய்க் காதோடு ஏதோ சொன்னார். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. மூன்று கால் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்னா?" என்று சாரைக் கேட்டார்.

சார் சத்தமாக, ஒரு வகுப்புக்கே சொல்வது போல விளக்கினார். பண்ணைக்காரர் மேசைக்கு வந்தார். குனிந்து, பித்தளைத் தகட்டின் பிளவு வழியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலியே."

"இப்படிப் பாருங்கய்யா" என்று என் சிநேகிதி பக்கத்தில் போனாள். அவளுக்கு யாரிடமும் கூச்சம் கிடையாது. பட்டையை மெதுவாகத் திருப்பி வைத்தாள். "இப்பத் தெரியுதுங்களா? அந்த மூலையில கம்பு புடிச்சிட்டு நிக்கிறது?"

"தெரியுது. பக்கத்துல ஒரு ஆளும் தெரியுதே."

"அது அவ அப்பாங்கய்யா."

பண்ணைக்காரர் நிமிர்ந்தார். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவர் என் அப்பாவை அடையாளம் கண்டுகொண்டார். பிறகு, "அளந்து முடிங்க. நானும் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போய், வேர் மேல் துண்டைப் போட்டு உட்கார்ந்தார். காரியக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாரும் அந்தப் பிளவு வழியாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் வரிசையில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்கள். ஒருத்தருக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வரவில்லை, இன்னொருத்தர் கையால் பொத்திவிட்டார். பண்ணை ஆட்கள் இரண்டு பேரும் வரிசையில் கலந்துவிட்டார்கள். நாங்கள் சங்கிலியை இழுத்து நீளத்தை முடித்தோம், அகலத்தை முடித்தோம். சார் மரத்தடியில் உட்கார்ந்து என்னைப் பெருக்கச் சொன்னார். கணக்கில் எனக்கிருந்த பெயர் தெரிந்தும் ஏன் என்னைச் சொன்னார் என்று தெரியவில்லை. ஒருபுறம் குத்தகைக்காரர்கள், ஒருபுறம் பண்ணைக்காரர், நடுவில் நான் பென்சிலோடு.

போட்டு முடித்து, ஏக்கரை மாவாக மாற்றிச் சொன்னேன். "இருபது மாவுக்கு மேல வருது சார்."

எங்கள் பக்கம் கலகலப்பு எழுந்தது. "பாத்தீங்களா? பேரு பதினெட்டு, உள்ள இருக்கிறது இருபது" என்றார் ஒருவர்.

"எம் பொண்ணு கணக்குல தப்பு வராது" என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பண்ணைக்காரர் கையைக் காதுக்கு வைத்துக்கொண்டு இன்னொரு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு அப்பாவைப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ரெண்டு மா கூட இருக்குன்னா, குத்தகை நெல்லும் அந்தக் கணக்குக்குக் கூடணுமுல்ல?"

அப்பாவின் முகம் மாறியது. தலையைச் சொறிந்துகொண்டு, "இல்லிங்கய்யா, சின்னப் புள்ளைங்க. எங்கயாவது தப்பாப் போட்டிருக்கும்" என்றார்.

காரியக்காரர் பண்ணைக்காரர் பக்கம் குனிந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே ரகசியம் சொன்னார்: "ஐயா, நமக்கும் வேணாம். கூடுனா சீலிங்ல இடிக்கும்."

"அப்படியா?" என்றார் பண்ணைக்காரர். "அப்பத் தப்பாத்தான் இருக்கும். சார், மறுபடி பாக்கச் சொல்லுங்க."

இரண்டு தரப்பும் ஒரே குரலில் பேசியது அந்த நிலத்தில் எத்தனை வருஷத்துக்குப் பிறகோ. எனக்கு மட்டும் காது சுட்டது. நான் திரும்பப் பெருக்கினேன், அதே விடைதான் வந்தது. அப்போது என் சிநேகிதி கையிலிருந்த ஊசிகளை மண்ணில் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சார், ஆரம்பத்துல ஒரு ஊசி குத்துனோமுல்ல, அது கணக்குல சேருமா?"

சார் புத்தகத்தைப் புரட்டினார். ஊசி எத்தனையோ அத்தனை சங்கிலி என்பது விதி. ஆனால் புறப்பட்ட இடத்தில் குத்திய ஊசியைச் சேர்க்கக் கூடாது. நாங்கள் நீளத்தில் ஒரு சங்கிலி அதிகமாகக் கணக்குப் பண்ணியிருந்தோம். அதைக் கழித்துவிட்டு மறுபடி பெருக்கினேன். பதினெட்டுக்கு ஒரு நூல் குறைய வந்தது.

"பதினெட்டு மா சார்" என்றேன்.

முதலில் சிரித்தது பண்ணைக்காரர்தான். வயிறு குலுங்கச் சிரித்தார். அதற்குப் பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. காரியக்காரர்கூடச் சிரித்தார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பண்ணைக்காரர் ஆளை அனுப்பி இளநீர் வெட்டிவரச் சொன்னார். எங்களுக்கும் கொடுத்தார்கள், வரப்பில் நின்றவர்களுக்கும் கொடுத்தார்கள். குடித்துக்கொண்டே அவர் அப்பாவிடம், "பதிவு விஷயமா வந்து பேசு. காரியக்காரன்கிட்டச் சொல்லி அனுப்பாத, நீயே வா" என்றார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அப்பா போனார், பேச்சு முறிந்தது, மறுபடி போனார். ஒரு அறுப்புக்கு மறுபடியும் போலீஸ் வந்தது. பெயர்கள் பதிவாக மூன்று நாலு வருஷம் ஆயிற்று. ஆனால் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது மட்டும் அதற்குப் பிறகு நிற்கவில்லை. கைகலப்பும் வரவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்த ஒரு மெலிந்த மனிதர். கண்டிப்பானவர் என்று சார் முந்தின நாளே எச்சரித்திருந்தார். அவர் என் சிநேகிதியின் ரிக்கார்டைத் திறந்தார். வயலின் வரைபடம் வந்தது. வாய்க்காலுக்கு நீலம், வாகை மரத்துக்கு மரக்குறி, ரோட்டுக்கு இரட்டைக் கோடு, எல்லாம் விதிப்படி இருந்தது. மரத்தின் இரண்டு பக்கமும் புள்ளிப் புள்ளியாக இரண்டு கூட்டம்.

"இது என்னம்மா குறி? புதரா?"

"இல்லிங்க சார். ஆளுங்க."

"மேப்புல ஆளுங்களப் போடக் கூடாது. அவங்க நகந்துருவாங்க."

"இவங்க நகரலிங்க சார். அன்னிக்கு ரொம்ப நேரம் நின்னாங்க."

அவர் தலையைத் தூக்கி எங்கள் சாரைப் பார்த்தார். சார் ஜன்னலுக்கு வெளியே ஏதோ இருப்பது போல அங்கே பார்த்தார். அந்த மனிதர் நடந்ததைச் சொல்லச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், கூடுதலாய் எண்ணிய ஊசி உட்பட. கேட்டுக்கொண்டே அவர் மார்க் போட்டார். எவ்வளவு என்று காட்டவில்லை. ஆனால் போகும்போது சாரிடம், "நான் பதினஞ்சு வருஷமா பூகோளம் எடுக்குறேன். எனக்கு ஒருத்தரும் இளநி குடுத்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுத்துத் தேர்வுக்கு நாங்கள் அவள் வீட்டு மாடியில் சேர்ந்து படித்தோம். உலக வரைபடத்தைத் தரையில் விரித்துக்கொண்டு ஒருத்தி துறைமுகம் பெயர் சொல்ல, இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டு விரலை வைக்க வேண்டும். விரல் கடலுக்குள் விழுந்தால் அவள் அம்மா பொரித்து வைத்த வடையில் ஒன்று குறையும். எனக்கு முதலில் நிறையக் குறைந்தது. தேர்வு நெருங்கியபோது அவளுக்குத்தான் குறைந்தது. வினாத்தாளைக் கையில் வாங்கியதும் கடைசிப் பக்கத்தைத்தான் பார்த்தேன். உலக வரைபடம் இருந்தது. குறிக்கச் சொன்ன இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எதிலும் விரல் கடலில் விழவில்லை.

ரிசல்ட் வந்த அன்று பேப்பர் எங்கள் ஊருக்கு ரயிலில்தான் வரும். ஸ்டேஷனில் நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். சார்தான் பேப்பர்க் கட்டை முதலில் பிரித்தார், இழுத்த வேகத்தில் ஒரு பேப்பர் கிழிந்தது. மூன்றாம் குரூப்பில் ஒருத்தர்கூடத் தோற்கவில்லை. சார் ஸ்டேஷன் டீக்கடையில் இருந்த பன் அத்தனையையும் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார். ஸ்டேஷன் மாஸ்டருக்கும் ஒன்று. மார்க் ஷீட் வந்தபோது புவியியலில் என் சிநேகிதி பள்ளிக்கே முதல், நான் அவளுக்கு அடுத்தது. அவள் தபால் ஆபீசுக்குப் போய் அத்தாவுக்குத் தந்தி கொடுத்தாள்.

ஜூன் மாதம் சர்டிபிகேட் வாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஆபீஸ் வாசலில் கூட்டம். பெற்றோர்கள், பிள்ளைகள், கையில் விண்ணப்பம். எந்தக் குரூப்புக்கு இவ்வளவு கூட்டம் என்று பியூனைக் கேட்டோம்.

"மூணாம் குரூப்புக்குத்தாம்மா. அதுல சேந்தா வெளிய அழைச்சிட்டுப் போறாங்களாம், இளநி தர்றாங்களாம்."

தலைமையாசிரியர் அறைக்குள்ளிருந்து சாரின் குரல் கேட்டது. பெஞ்சு போதாது, பெரிய அறை வேண்டும், இன்னொரு சங்கிலி வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். நாங்கள் வெளியே நின்று கேட்டோம். என் சிநேகிதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை, என் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.